ஆயிரம் மேற்கோள் கண்டவர்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நம்மவர் குடும்பமொன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், வைத்தியரைக் காண்பதற்கு முன்பாகவே கைத்தொலைபேசியில் விசாரணை தொடங்கிவிடுகிறது. இன்னாருடைய பெயரின் கீழ் இத்தனை ஆய்வுரைகள், இத்தனை ஆயிரம் மேற்கோள்கள், எச் இண்டெக்ஸ் இவ்வளவு என்று திரையில் தோன்றும் எண்களே அவ்விசாரணையின் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கி, செர்டாங் பல்கலைக்கழகங்களிலும் முனைவர் பட்டத்திற்கு வழிகாட்டி தேடும் நம் பிள்ளைகளும், ஆராய்ச்சிக்கு நன்கொடை அளிக்க முன்வரும் தனவந்தர்களும் இந்த எண்களையே உரைகல்லாகக் கொள்கின்றனர். ஓர் ஆய்வுரையைப் பின்னால் வந்த ஆய்வுரைகள் சுட்டிக்காட்டுவதே மேற்கோள்; அவற்றைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்ற யோசனையை அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழைய உரையொன்றைப் பின்வந்தவர்கள் எங்கெங்கே கண்டித்திருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ள உதவுவதும் அவருடைய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. குறை காண்பதற்கும் உதவும் என்று பிறந்த கருவி, பெருமை அளக்கும் கோலாக மாறிய பிறகு அதனைச் சுற்றி வளர்ந்துள்ள நம்பிக்கைகளில் சிலவற்றை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: ஆய்வுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும் ஒருவர் செய்த பணியின் அளவைக் காட்டிவிடும்.

உண்மை: சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பராவின் சரித்திரமே இதற்குத் தக்க மறுமொழியாகும். 1925ஆம் ஆண்டில், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, பாஸ்பரஸின் அளவை நிறமாற்றத்தைக் கொண்டு கண்டறியும் முறையொன்றை அவர் பிரசுரித்தார். அம்முறையைக் கையாண்டவர்கள் அதனைச் சுட்டுவது வழக்கமாகிவிட்டதால், உயிர்வேதியியலில் மிகுதியாக மேற்கோள் பெற்ற உரைகளில் அதுவும் ஒன்றாயிற்று. பின்னர் 1940இல் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்ற அவருடைய குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டன் நகரத்து வைத்தியரான சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில், 10 குழந்தைகளுக்கு நோய் சில காலம் தணிந்தது. மருந்தினால் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க இயலும் என்பதை உலகுக்கு உணர்த்திய அவ்வுரை 1948 ஜூன் மாதம் வெளிவந்தபோது, ஆசிரியர்களாக ஐவருடைய பெயர்கள் இருந்தன. சுப்பராவின் பெயர் அவற்றுள் இல்லை. இரண்டு மாதங்களில் அவரும் காலமானார். மேற்கோள் அட்டவணையை மட்டும் பார்ப்பவன் அவரைப் பாஸ்பரஸ் அளக்கக் கற்பித்தவராக அறிவானேயன்றி, அமினோப்டெரினின் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய் மருத்துவமனைகளில் வழங்கப்படுவதற்குக் காரணமானவர் என்று அறியமாட்டான்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான அபாயத்தைக் கூட்டும் 65 புதிய மரபணு இடங்களை அறிவித்து 2017ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த உரையில், மலேசிய ஆராய்ச்சியாளர்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் ஆசிரியர்களாக இடம்பெற்றுள்ளனர். பல தேசத்தாரும் கூடிச் செய்தாலன்றி முடியாத அரிய பணி அது. ஆயினும் அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேருடைய கணக்கிலும் முழுதாக வரவு வைக்கப்படுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம்பிக்கை 2: பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட முடிவு பொய்யாக இருக்க இயலாது.

உண்மை: மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாகச் சொல்லும் செய்திகள் நம்மிடையே கைத்தொலைபேசிகளில் ஓயாமல் உலவுகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளைப் பற்றி மிகுதியாக எழுதியவர்களுள் ஒருவர், ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிய பரத் அகர்வால்; உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட விஞ்ஞானிகளின் வரிசையில் அவர் பெயர் இருந்தது. அவருடைய உரைகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை, பெரும்பாலும் படங்களின் நம்பகத்தன்மையில் எழுந்த சந்தேகங்களின் காரணமாக, வெவ்வேறு சஞ்சிகைகள் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2017ஆம் ஆண்டில் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’யில் வெளிவந்த விமரிசனமொன்று, குர்குமினை வைத்து 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், எது மருந்து எது வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி நடத்தப்பட்ட சோதனை ஒன்றிலேனும் அது வெற்றி பெறவில்லை என்று காட்டியது. குழம்பில் மஞ்சளுக்கு உள்ள இடத்தை யாரும் மறுக்கவில்லை. சிகிச்சையின் ஸ்தானத்தில் அதனை அமர்த்துவதற்கு மேற்கோள் எண்ணிக்கை பிரமாணமாகாது என்பதே விஷயம். ஓர் உரையை ஆமோதிப்பவரும் சுட்டுகிறார், மறுப்பவரும் சுட்டுகிறார், படிக்காமலே பிறரைப் பார்த்து எழுதிவைப்பவரும் சுட்டுகிறார். கணக்கு மூவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

நம்பிக்கை 3: பெரிய சஞ்சிகையில் வந்த உரை பெரிய உரை.

உண்மை: சஞ்சிகைகளின் மதிப்பாகச் சொல்லப்படும் இம்பாக்ட் ஃபாக்டர் ஒரு சராசரி மட்டுமே, ஒரு லோரோங்கில் கோடீஸ்வர முதலாளி ஒருவர் குடியேறினால் அங்குள்ளோர் அனைவருடைய சராசரி வருமானமும் உயர்ந்துவிடுவது போன்றதே இது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் சஞ்சிகையொன்றுக்கு 2020ஆம் ஆண்டின் கணக்குப்படி இம்பாக்ட் ஃபாக்டர் 500ஐத் தாண்டியது. ஆண்டுதோறும் அது வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களை உலகத்தார் எல்லோரும் சுட்டுவதே அதற்கு முக்கியமான காரணம். இந்த எண்ணைக் கொண்டு தனிப்பட்ட விஞ்ஞானிகளை எடைபோடலாகாது என்று 2012ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் உருவாக்கிய பிரகடனத்தைப் பல நாட்டு ஸ்தாபனங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டுள்ளன.

நம்பிக்கை 4: மேற்கோள் குறைந்தவர் தாழ்ந்த ஆய்வாளர்.

உண்மை: மேற்கோள் என்பது அத்துறையில் எழுதுவோரின் தொகையைப் பொறுத்தது. மார்பகப் புற்றுநோயைப் பற்றி எழுதுவோர் உலகெங்கும் திரளாக உள்ளனர். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்றதால் நம் தோட்டப்புறத்து முதியவர்களுக்கு வந்த வாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுதுவோர் சிலரே. பாக்கு தனித்தே புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்று 2004ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை வெளியிட்டதற்குப் பின்னாலும், மலேசிய நோயாளிகளின் வாய்ப் புற்றிலிருந்து எடுத்த உயிரணுக்களைச் சோதனைச் சாலையில் வளர்த்து ஆராயும் சுபாங் ஜெயாவின் கேன்சர் ரிசர்ச் மலேசியா போன்ற இடங்களின் வேலை, செல்வ நாடுகளின் நோய்களைப் பற்றிய வேலையளவுக்கு மேற்கோள் ஈட்டுவது அரிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ஆம் ஆண்டில் நிறுவி, டாக்டர் சாந்தா வளர்த்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில், சென்னை நகரத்து நோயாளிகளின் விவரங்களை ஆண்டாண்டாகப் பதிவுசெய்யும் பதிவேடு 1980களின் தொடக்கம் முதல் நடந்துவருகிறது. ஒவ்வொரு பெயரையும் முகவரியையும் சரிபார்த்து எழுதும் அந்தப் பொறுமை எந்த மேற்கோள் கணக்கிலும் தெரிவதில்லை.

வயதும் கணக்கில் சேரவேண்டும். 2005ஆம் ஆண்டில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் வகுத்த எச் இண்டெக்ஸின்படி, குறைந்தது பத்துப் பத்து மேற்கோள் பெற்ற பத்து உரைகளை உடையவருக்கு 10. ஐயாயிரம் மேற்கோள் பெற்ற ஒரே உரையை எழுதியவருக்கு 1. இளையவர் எத்தகைய மேதையாயினும் இந்த ஏணியில் மெல்லத்தான் ஏறமுடியும்.

நம்பிக்கை 5: கணினி காட்டும் எண் பிசகாது.

உண்மை: ஒரே மனிதருக்கு கூகுள் ஸ்காலர் ஓர் எண்ணையும் ஸ்கோபஸ் இன்னோர் எண்ணையும் காட்டும், அவை தேடும் இடங்களின் பரப்பு வேறு வேறாதலின் கூகுளின் எண் வழக்கமாகப் பெரிதாகவே இருக்கும். நம் பெயர்கள் இச்சிக்கலை மேலும் வளர்க்கின்றன. அடையாள அட்டையில் “குமார் ஏ/எல் சுப்பிரமணியம்” என்று இருக்கும் ஒருவர், ஓர் உரையில் ‘எஸ். குமார்’ என்றும் மற்றோர் உரையில் ‘கே. சுப்பிரமணியம்’ என்றும் பதிவாகி இரண்டு விஞ்ஞானிகளாகப் பிரிந்துவிடுகிறார், அதே ‘எஸ். குமார்’ என்ற பெயருடைய எண்ணற்ற பிறருடைய உரைகளும் அவர் கணக்கில் வந்து விழுகின்றன. குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் வழங்கும் ஆர்சிட் என்ற ஏற்பாடு மிகவும் பயனுள்ளது; அது 2012ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

நம்பிக்கை 6: அப்படியானால் எல்லாமே மோசடி.

உண்மை: இதுவும் தவறே. 2016ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘ஸயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட புற்றுநோய் உயிரணுக்களைப் பற்றிய உரையொன்றில், ஒரே படத்துண்டு பல இடங்களில் ஒட்டப்பட்டிருப்பதைப் பிற நாட்டு விஞ்ஞானிகள் கண்டு பகிரங்கமாக எடுத்துக்காட்டினர். பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது, சஞ்சிகை உரையைத் திரும்பப் பெற்றது. அவ்வுரையின் மேற்கோள்களை எண்ணி யாரும் பிழையைக் கண்டுபிடிக்கவில்லை. படத்தைக் கூர்ந்து பார்த்தே கண்டனர். தன் தவற்றைத் தானே அறிவித்துத் திருத்திக்கொள்ளும் இந்த வழக்கம் இருப்பதாலேயே விஞ்ஞானத்தை நாம் நம்புகிறோம்.

ஆகவே, ஓர் ஆய்வாளரின் எண்களைக் காணும்போது, அவருடைய முக்கியமான உரைகள் எவை, அவற்றில் அவர் செய்த பங்கு எது, அம்முடிவைப் பிற சோதனைச் சாலைகள் மறுபடி செய்து பார்த்து ஒப்புக்கொண்டனவா, அவற்றுள் ஏதேனும் திரும்பப் பெறப்பட்டதா என்ற நான்கு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். சோதனைக் குழாயில் உயிரணுவை ஆராய்பவர் வேறு, நோயாளியின் படுக்கையருகே நின்று சிகிச்சை செய்பவர் வேறு என்பதையும் மறவாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் மேற்கோள் கணக்கை எண்ணிக்கொண்டிராமல் காலத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெற்றிலைத் தட்டை இன்றே ஒதுக்கிவையுங்கள்.