போர்ட் வைத்த பாஸ் பெட்டி

ஜாசின், அலோர் காஜா பக்கம் மைவி கார் ஓட்டும் தம்பிகளுக்கு உறுமி நெஞ்சில் இடிக்க வேண்டும். அதில் பாதி வேலை பெட்டியுடையது. ஸ்பீக்கர் தாளில் போட்டிருக்கும் லிட்டர், போர்ட் குழாயும் ஸ்பீக்கரும் அடைக்கும் இடம் போக மிஞ்ச வேண்டிய அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். 50 லிட்டருக்கு, 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் 31 செ.மீ. இருந்தால் சுமார் 35 ஹெர்ட்ஸில் முழங்கும். குட்டையானால் சுருதி ஏறும். ஆகவே நீளமாகவே வெட்டி, பிறகு குறையுங்கள். அந்த 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கர் கூம்பு கட்டறுந்து ஆடும். ஆம்ப்பின் சப்சானிக் ஃபில்டரை 30இல் வையுங்கள்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். நம் மழைக்கு ஊதிவிடும், வெட்டு முனைகளில் மரப்பசை பூசுங்கள். மெல்லப் பாடவிட்டு மூட்டுகளில் ஊதுபத்தி காட்டுங்கள்: புகை துடித்தால் அங்கே ஓட்டை.