சூரியத் தகடும் கோண உணரியும்

தமிழ் பயில்வோனுக்குச் சூரியத் தகட்டோடு என்ன தொடர்பு என வினவும் நண்பர்க்கு முதற்கண் விடை கூறிவிடல் நன்று. சென்ற ஆண்டு எம் விடுதி மாடியிற் பௌதிக வகுப்பினர் சிலர் ஞாயிற்றைத் தொடர்ந்து திரும்பும் தகடொன்றை அமைத்தனர். ஏணி பிடிக்கவும் திருகாணி எடுத்துக் கொடுக்கவும் உடன் சென்ற யான், ஒரு சிறு கருவியின் பிழையால் அம்முயற்சி பாழானதைக் கண்ணாரக் கண்டேன். தகடு எவ்வளவு திரும்பியுள்ளது என அளந்து கூறும் கோண உணரியே அக்கருவி. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

ஞாயிறு ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாய்த் தோன்றும். நம் பழைய கணக்கில் நாழிகைக்கு 6 பாகை. வடக்குத் தெற்காய்க் கிடத்திய ஓர் அச்சின்மேல் தகட்டைப் பொருத்திக் காலையிற் கிழக்கும் மாலையில் மேற்குமாய்த் திருப்புதல் எளிய முறை. எகிப்தில் மாதி என்னுமிடத்தே பிராங்க் ஷூமன் என்னும் அமெரிக்கர் 1913-இல் இயக்கிய நீராவி நிலையத்தின் ஆடித் தொட்டிகளும் இவ்வாறே ஞாயிற்றைத் தொடர்ந்தன. தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு அணித்தாயிருத்தலின் இம்முறை இங்கும் நன்கு பொருந்தும்.

ஒளி மிக்க பக்கம் திரும்பச் செய்தாற் போதாதோ எனின், போதாது. மேகம் கவிந்த பொழுதில் அதன் ஒளிரும் விளிம்பை ஞாயிறென மயங்கித் தகடு அலையும். ஆகவே ஞாயிறு நிற்குமிடத்தை நாளும் பொழுதும் ஊரும் கொண்டு கணித்தறிதலே தக்கது. தகடு நிற்கும் நிலையை மட்டும் உணரி கூறுக.

அவ்வுணரி எத்துணை நுட்பமாய் அளத்தல் வேண்டும்? இவ்வினாவை முதலிற் கேளாதார் பணத்தை வீணாக்குவர். தகடு நேர்கதிரினின்று 1 பாகை விலகின் இழப்பு 0.015 விழுக்காடே; 5 பாகை விலகின் ஏறக்குறைய 0.4, 10 பாகை விலகின் 1.5. ஆதலின் தட்டைத் தகட்டிற்கு ஒரு பாகை நுட்பம் அமையும். கதிரைக் குவிக்கும் ஆடிகளுக்கோ இது பொருந்தாது. ஞாயிற்று வட்டத்தின் அகலமே அரைப் பாகையாதலின், அவற்றிற்குப் பாகையிற் பத்திலொரு பங்கும் பெரிதாம்.

எம் நண்பர் முதலிற் கொண்டது பொடென்ஷியோமீட்டர். விலை குறைவு, ஆயின் உள்ளே ஒரு முனை மின்தடைப் பாதையின்மேல் உராய்ந்துகொண்டேயிருக்கும். நாள்தோறும் அதே பகுதி தேய்ந்தது. ஐப்பசி மழையில் ஈரமும் புகுந்தது. பெருங்காற்று வீசிய ஒரு மாலை தகட்டைக் கிடையாக்க முயன்றனர். உணரி கிடையென்றது, தகடோ சரிந்தே நின்றது. காற்று அதனைத் தூக்கிச் சட்டத்தை வளைத்துக் கண்ணாடியையும் உடைத்தது. படிப்பறை விளக்குகளுக்கு அதுவே மின்சாரம் அளித்தமையின், சில வாரம் யாம் தாழ்வாரத்திற் படித்தோம். ஒளியிழப்பு அற்பமாயினும் பொய்க்கோணம் அற்பமன்று என அன்று உணர்ந்தேன்.

என்கோடர் இரு வகைத்து. துடிப்புகளை எண்ணிக்கொண்டு செல்வது, மின்சாரம் நின்றவுடன் தன் எண்ணிக்கையை மறக்கும்; பின்னர்த் தகட்டை ஓர் எல்லைக்குக் கொண்டுபோய் எண்ணத் தொடங்கல் வேண்டும். மற்றையது விழித்தவுடன் தன் நிலையைக் கூறும். 12 பிட் கொண்டதாயின் ஒரு சுற்று 4096 கூறாகும். ஒரு கூறு 0.09 பாகை. காந்தத்தால் இயங்குவதில் உராய்வில்லை, தூசிக்கும் அஞ்சாது. ஆயினும் அதனை மோட்டார்ப் பக்கம் பொருத்தினாற் பற்சக்கரங்களின் தளர்வு அளவில் வாராது. தகட்டின் அச்சிலேயே பொருத்தல் வேண்டும். அதற்கு அச்சின் முனை நமக்குக் கிட்டவேண்டுமே!

சாய்மானிக்கு இத்தொல்லையில்லை. புவியீர்ப்பின் திசையைக் கொண்டு சாய்வை அறிவதாகலின், தகட்டின் முதுகில் ஒட்டிவிடலாம். ஒரு திசை மட்டும் அளப்பது 60 பாகைச் சாய்வில் பாதிக் கூர்மையே உடையது. இரு திசை அளந்து அவற்றின் விகிதத்தாற் கோணம் காண்பதே சிறந்தது. காற்றதிர்வு அளவைக் குலைக்கும் எனின், பத்து விநாடி அளவுகளின் சராசரியைக் கொள்க. ஞாயிறு 1 பாகை நகர 4 நிமிடம் ஆதலின் அத்தாமதத்தால் தீங்கில்லை. ஆயின் செங்குத்தான அச்சிற் சுழலும் தகட்டிற்குச் சாய்மானி சிறிதும் உதவாது. எப்பக்கம் திரும்பினும் ஆங்கு ஈர்ப்பின் திசை மாறாது. காந்த ஊசியை நாடலாமெனின், இரும்புச் சட்டமும் மோட்டாரும் அதனை மயக்கும். அவ்விடத்து என்கோடரே கொள்ளத்தக்கது.

எம் மாடித் தகட்டின் அச்சு கிடையாதலின் இம்முறை சாய்மானியையே கொண்டோம். இரசமட்டம் வைத்துச் சுழியைத் திருத்தினோம். ஒரே சாட்சியை நம்பலாகாதென்று இரு கோடியிலும் எல்லைச் சுவிட்சு வைத்தோம். உணரியின் கம்பியைப் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி வளைத்துவிட்டோம். மழைநீர் அவ்வளைவில் வழிந்து சொட்டுகிறது.