எம்.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா? மலைப் பிள்ளைகளுக்கு ஏழு அறிவுரைகள்

பி.எஸ்சி. முடித்து வார்டில் நிற்கும் பிள்ளைகள் குன்னூரில் என் வீட்டுக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "மேடம், எம்.எஸ்சி. படிச்சு டீச்சிங் போகட்டுமா?" வார்டிலும் வகுப்பிலும் தலை நரைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. நைட் டியூட்டிக்குப் பயந்து போகாதே, கண்ணு. ஆசிரியைக்குப் பகலில் வகுப்பும் வார்டும், இரவில் ரெக்கார்டு நோட்டுத் திருத்தம். புதிதாக வந்த மாணவி இரண்டு முறை ஊசியைத் தவறவிட்டபோது உனக்கு எரிச்சல் வந்ததா, அவள் கையைப் பிடித்துச் சொல்லித்தரத் தோன்றியதா? விடை அங்கே இருக்கிறது.

2. முதலில் வார்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டு அனுபவமும் போதும். நான் மூன்றாண்டு என்பேன். பிரசவ அறையில் ரத்தப்போக்கைக் கண்டு நடுங்கி, அதைத் தாண்டி வந்தவள் சொல்லும் பாடம் மாணவி மனதில் நிற்கும்.

3. துறையைப் பார்த்து எடு. மருத்துவ அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என ஐந்து. தோழி எடுத்தாள் என்று எடுக்காதே. எந்த வார்டில் நேரம் போவது தெரியவில்லையோ, அதுவே உன் துறை.

4. நம் மலையை மறக்காதே. கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசி ஊர்களில் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. 1990-இல் அங்கே தொடங்கிய அஷ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவித்து நர்சுகளாக்கியது. நோயாளியின் பேச்சும் வீடும் தெரிந்தவள் கேட்டால்தான் வலியை முழுதாகச் சொல்வார்கள். சமுதாய நலம் எடுக்க நினைப்பவள் அந்த அமைப்பின் வேலையை நேரில் போய்ப் பார்க்கட்டும்.

5. பணத்தைக் கணக்குப் பார். இரண்டு ஆண்டுக் கட்டணம், ஹாஸ்டல், அந்த இரண்டு ஆண்டு வராத சம்பளம் மூன்றையும் கூட்டு. லயன் வீட்டு அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த காசு அது. சில தனியார் கல்லூரிகளில் ட்யூட்டர் சம்பளம், பெரிய மருத்துவமனை ஸ்டாஃப் நர்சின் சம்பளத்தைவிடக் குறைவு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; அவை கையில் இல்லாததால் நல்ல வேலை ஒன்று கைநழுவிப் போனது. நகலை மட்டும் கொடு.

6. குறுக்கு வழி தேடாதே. அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. நர்சிங் முடிக்கலாம் என்பவரை நம்பாதே. அதற்குக் கவுன்சில் அங்கீகாரம் கிடையாது. சேரும் கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டு.

7. வேண்டாம் என்று முடிவெடுத்தால் தலை குனியாதே. வகுப்பறை வார்டுக்கு மேல்படி அல்ல, வேறு வேலை. ஐ.சி.யூ.வில் மனம் ஒட்டியிருந்தால் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது, அதுவும் முதுநிலைதான்.

மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கினார். அது பட்டம் தரும் கல்லூரியாக மாற 1946 வரை ஆயிற்று. நல்ல ஆசிரியைகள் உருவாக அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஊட்டியில் 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, 2025-இல் 700 படுக்கையோடு மருத்துவமனையும் திறந்தது. அந்தப் படுக்கைகளின் அருகே நிற்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். மனம் இருந்தால் படி. படித்துவிட்டு மலையேறி வா.