கவலையுள்ள கண் எதைப் பார்க்கிறது?



போன வருஷம் என் மனைவியின் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்தோம். அந்த நாட்களில் பேப்பரைப் பிரித்தாலே நோய், மரணம் என்கிற வார்த்தைகள்தான் கண்ணில் பட்டன. ரிப்போர்ட் வந்தபோதும் 'கட்டி' என்பதை மட்டுமே பார்த்தேன். அடுத்திருந்த 'ஆபத்தில்லாதது' என்பதை அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள்.

ஏன் இப்படி?

1935-ல் அமெரிக்கர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப், 'சிவப்பு' என்ற வார்த்தையை வேறு நிற மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைக் கேட்டார். எல்லாரும் தடுமாறினார்கள். இவர் நாஷ்வில் பட்டணத்துக் கல்லூரியில் வேதபாடம் நடத்தியவர்!

1985-ல் மாத்யூஸ், மக்லியோட் என்ற இருவர் பயமூட்டும் வார்த்தைகளைப் பல நிறங்களில் காட்டினார்கள். கவலையால் வாடினவர்கள் நிறம் சொல்லத் தாமதித்தார்கள். அதிலும் நோயைக் குறித்த வார்த்தைகளில் சிக்கினவர்கள், தங்கள் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களே.

நாம் கற்றுக்கொள்வது:

1. இது வேண்டுமென்றே செய்கிற காரியமல்ல. கவனம் தானாகவே அங்கே ஓடுகிறது.

2. ஆளுக்கு ஆள் சிக்கும் வார்த்தை வேறு. மகளின் கல்யாணத்தை நினைத்துக் கலங்குகிறவரை 'வரன்' என்ற சொல்லே நிறுத்திவிடலாம்.

3. பயந்திருக்கிறவரிடம் நல்ல செய்தியை மெதுவாக, இரண்டு தரம் சொல்லுங்கள்.

முன்பு ஒரு சகோதரியை, "நான் சொன்னதைக் கவனிக்கவே இல்லையேம்மா" என்று கடிந்துகொண்டேன். அவர்கள் கேட்க மறுக்கவில்லை, வேறொரு வார்த்தை பிடித்து வைத்திருந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் வீட்டில் இன்று யாருக்கு ஒரு விரல் தேவை?