டி டிரைவில் வைத்தால் பத்திரமா?

ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து, கல்யாண வீடியோ, சான்றிதழ் ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவைப்பது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். விண்டோஸ் பழுதாகி மறுபடி நிறுவ நேர்ந்தாலும் ஃபைல்கள் தப்பிக்கும் என்பது காரணம், அது சரிதான். ஆனால் அதோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது: 'என் அக்கவுண்டுக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, நான் வைத்ததை வீட்டில் வேறு யாரும் திறக்க முடியாது.'

தாராளமாகத் திறக்கலாம்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள்தான். விண்டோஸ் தானாகப் பூட்டிவைப்பது அதை மட்டுமே. டி டிரைவை ஃபார்மட் செய்யும்போதே, அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்கிற எல்லோருக்கும் படிக்க, திருத்த, அழிக்க அனுமதி கொடுத்துவிடுகிறது. தம்பி தன் அக்கவுண்டில் இருந்தபடியே அக்காவின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை டெலிட் செய்ய ஒரு தந்திரமும் வேண்டாம்.

சரி, பெயர் போட்ட ஃபோல்டராவது பத்திரமா? தம்பியின் அக்கவுண்ட் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றால் அதுவும் இல்லை. அதைத் திறக்கப் போனால், அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். பலரும் அந்த முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: 'கன்டினியூ' பட்டனை அழுத்தினால் இந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதி நிரந்தரமாகக் கிடைக்கும் என்கிறது அது. சொன்னபடியே செய்தும்விடும். ஒரே கிளிக்கில் தம்பியின் பெயர் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் ஏறிவிடும். தேடிப்போய் நீக்கும்வரை அங்கேயே இருக்கும். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் தனித்தனி பாஸ்வேர்டோடு பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு உருவானது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அதில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. அவர் வேலைக்கு அது போதவில்லை. 1962இல் அவர் ஒரு துளை அட்டையில், பாஸ்வேர்டுகள் இருந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி கோரிக்கை போட்டார். இயந்திரமும் அடித்துக் கொடுத்துவிட்டது! பாஸ்வேர்டு எத்தனை வலுவாக இருந்து என்ன, ஃபைலுக்குக் காவல் இல்லையே.

அடுத்த நம்பிக்கை இதற்கு நேர் எதிர்: ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலைக் கொடுப்பது பெரும்பாடு. அதனால்தான் ஒரே டிஸ்க்கில் இருக்கும் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தப் பக்கம் போய் இறக்கிக்கொள்கிறார்கள். போட்டோ சுருங்கி, தரம் குறைந்து வந்து சேர்கிறது. இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. 2001இல் வந்த எக்ஸ்பியிலேயே 'ஷேர்டு டாக்குமென்ட்ஸ்' இருந்தது. விஸ்டா முதல் அந்த இடத்தில் இருப்பது யூசர்ஸுக்குள் உள்ள 'பப்ளிக்' ஃபோல்டர். அதில் ஒரு காப்பி போட்டால் எல்லா அக்கவுண்டிலும் தெரியும். பப்ளிக் என்றதும் இணையத்தில் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது அந்த டிஸ்க்கை விட்டு எங்கும் போவதில்லை.

மேக்கில் இதே வேலையை 'ஷேர்டு' ஃபோல்டர் செய்கிறது. ஆனால் ஒருவர் போட்டதை மற்றவர் திறந்து படிக்கலாமே தவிர, திருத்தி அதே ஃபைலில் சேமிக்க முடியாது. ஃபைல் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். போட்டவர் 'கெட் இன்ஃபோ' திறந்து, 'எவ்ரிஒன்' என்ற வரியில் எழுதும் அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு: உபுண்டுவில் 21.04 பதிப்புக்கு முன் உருவாக்கிய அக்கவுண்டின் ஹோம் ஃபோல்டரை, மாற்றாமல் விட்டிருந்தால், அதே கம்ப்யூட்டரின் மற்ற யூசர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

'அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயர், அதே பாஸ்வேர்டில் மறுபடி தொடங்கினால் பழைய ஃபைல்கள் திறக்கும்' என்பது இன்னொன்று. விண்டோஸ் ஆளைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணை வைத்துத்தான். புது அக்கவுண்டுக்குப் புது எண். பழைய ஃபைலின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'அன்னோன் அக்கவுண்ட்' என்ற பெயருடன் அந்தப் பழைய எண் மட்டும் கிடக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு அட்மின் அக்கவுண்ட் போதும். மற்றவற்றை செட்டிங்ஸில் 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றிவிடுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை டி டிரைவிலிருந்து எடுத்து உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் வையுங்கள்; இரண்டையும் இன்றைக்கே செய்துவிடலாம்.