இலங்கைக்கு மிஷன் பயணம்: வாலிபர் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாலிபர் ஐக்கியத்தின் ஆண்டுக் கூட்டம் கூடினால் யாராவது ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் மிஷன் ட்ரிப் எங்கே?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட் என்று மிஷன் தளங்களைப் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு இப்போது கடல் தாண்டும் ஆசை வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். முதல்முறை வெளிநாடு போகிற குழுவுக்கு நான் சொல்லும் இடம் இலங்கை. பக்கத்து நாடு, மொழிச் சிக்கல் குறைவு, செலவும் கைக்கு அடங்கும். எல்லாவற்றையும் விட, நமக்கும் அந்த ஊர்ச் சபைகளுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: முதலில் அழைப்பு

"போகலாமா?" என்று நம் சபையில் கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், "வரலாமா?" என்று அங்கே கேளுங்கள். பயணங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட் எடுத்து, டி-ஷர்ட் அடித்து, நிகழ்ச்சிநிரல் அச்சிட்டு, அதன்பின் "நாங்கள் வருகிறோம்" என்று தகவல் சொன்னால், அந்தப் போதகர் பாவம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

சேகர குருவின் கடிதம் நம் திருமண்டல அலுவலகம் வழியாக அங்குள்ள திருமண்டலத்துக்குப் போகட்டும். யாழ்ப்பாணத் திருமண்டலம் நம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததே, தேசம்தான் வேறு. தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்தில் இலங்கைத் திருச்சபை, மெதடிஸ்த திருச்சபை என்று பல உண்டு. கடிதத்தில் மூன்று கேள்விகள் போதும். எப்போது வந்தால் உங்களுக்கு வசதி? எங்களால் ஆகவேண்டியது என்ன? நாங்கள் செய்யக்கூடாதது என்ன?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பதில் அதிகம் கிடைப்பது அதற்குத்தான். மலையகத்துப் போதகர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. "பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம், எங்கள் பிள்ளைகள் நன்றாகப் பாடுவார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தர ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள்." பாதி நிகழ்ச்சிநிரல் அந்த நிமிஷமே மாறியது.

"இப்போது வரவேண்டாம், அந்தப் பணத்தை அனுப்பினால் கூரை மாற்றிக்கொள்வோம்" என்று பதில் வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பணத்தை அனுப்புங்கள். அதுவும் மிஷன்தான். சபைக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் போவதற்கு விதிமுறைகள் உண்டு. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

படி 2: நாள் குறிப்பது

நமக்கு மே மாதம்தான் லீவு, விடுமுறை வேதாகமப் பள்ளியும் அப்போதுதான். இலங்கையில் மே மாதம் பள்ளிக்கூடம் நடக்கும். அங்கே வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை வரும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே அந்த ஊர்ப் போதகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் போன குழுக்கள் காலை பத்து மணிக்குப் பொம்மலாட்டப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடியிருக்கின்றன.

மழையையும் பாருங்கள். மலையகத்தில் அட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. யாழ்ப்பாணத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மலையில் பெருமழை என்றால் மண்சரிவு எச்சரிக்கை வரும். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், நாடு முழுக்கப் பொது விடுமுறை. காலண்டரில் அதைக் குறித்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

படி 3: யார் யார்?

ஒரு வேனில் அடங்கும் கூட்டம் போதும். அதற்கு மேல் போனால் அந்தச் சபைப் பெண்களுக்கு மூன்று வேளையும் அடுப்படியிலேயே பொழுது போய்விடும். கிடார் வாசிக்கிறவர் ஒருவர் போதும். நர்ஸ் படித்த அக்கா, எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்த அண்ணன், கணக்கு டீச்சர், இப்படித் தொழில் தெரிந்தவர்களைச் சேருங்கள். பெண்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் குழுத் தலைமையில் ஒரு பெண் கட்டாயம். பெற்றோரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திறந்து பேசிவிடுங்கள்.

ஒரு விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நம் குழுவில் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது. ஐயாவாக இருந்தாலும் இதே விதிதான்.

படி 4: பணம்

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம், கார் கழுவுதல் எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிகள். செலவில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் தன் கையிலிருந்து போடட்டும், மீதியைச் சபை தரட்டும். வீட்டில் வசதி இல்லாத பிள்ளையின் பங்கைச் செயலாளர் காதும் காதும் வைத்ததுபோல் முடித்துவிட வேண்டும். வசதியுள்ளவர்கள் மட்டும் போய்வந்தால் அது சுற்றுலா, அதற்குச் சபையில் ஜெபக்குறிப்பு எதற்கு?

ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கும். 2024 பிப்ரவரி முதல் அங்கே நம் யூபிஐ வேலை செய்கிறது. ஆனால் தோட்டத்துக் கடைகளில் கையில் காசு வேண்டும். நன்கொடை எதுவானாலும் சேகரத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். உருக்கமாகப் பேசினார் என்று தனி ஆளிடம் நோட்டை நீட்டினால், நீங்கள் கிளம்பிய மறுநாளே அந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) சண்டை.

படி 5: பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதப் படிவம் தேவைப்படும். இலங்கைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் பயண அனுமதி எடுக்கலாம். அரசு இணையதளத்தில் மட்டும் எடுங்கள், அதே போலத் தோற்றம் காட்டிக் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

இதை நிதானமாகப் படியுங்கள். சுற்றுலா அனுமதி சுற்றுலாவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு மைக் கட்டி நற்செய்திக் கூட்டம் நடத்துவதும், வீடு வீடாகக் கைப்பிரதி கொடுப்பதும் நம்மையும் அழைத்தவர்களையும் மாட்டிவிடும். நாம் விமானம் ஏறிவிடுவோம். காவல் நிலையத்துக்கு அலைவது அந்தப் போதகர். என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதி, எந்த வகை விசா பொருந்தும் என்று சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். "கேட்டால் மறுப்பார்கள், கேட்காமலே போவோம்" என்பவரைத் தலைவராகப் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். வடக்குக்கு நேரே போகிறவர்களுக்குப் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் உண்டு, ஆனால் கடல் முரண்டு பிடித்தால் நின்றுவிடும். திரும்புகிற நாளைக் கப்பலை நம்பி வைக்காதீர்கள்.

படி 6: போகுமுன் படியுங்கள்

ஆக்‌ஷன் ஸாங் பயிற்சிக்கு நாலு சனிக்கிழமை ஒதுக்கினால், வரலாற்றுக்கு இரண்டையாவது ஒதுக்குங்கள். அது தெரியாமல் போகும் பிள்ளைகள், நாம்தான் அவர்களுக்கு முதன்முதலாக மிஷனைக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மை தலைகீழ். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே சங்கம் அமைத்து, தங்கள் காணிக்கையில் தங்கள் ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். மறு ஆண்டு, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நாம் ஆண்டுதோறும் கவர் போட்டுக் காணிக்கை அனுப்புகிற அதே ஐ.எம்.எஸ்.தான். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகள் தியாகம் செய்கிறார்கள், தர்மம் கொடுக்கிறார்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்களாக இல்லையே என்று முகத்துக்கு நேரே கேட்டார். வெள்ளைக்காரர்களிடம் அவர் கேட்ட கேள்வி, கையில் பரிசுப்பையோடு தோட்டத்துக்குள் நுழையும் நமக்கும் பொருந்தும்.

மலையகத்தின் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன நம் சனங்களுக்காக 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கை போட்டு இரண்டு நாடுகளுக்கும் பங்கிட்டது. அப்படி இந்தியா வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். விசாரியுங்கள்.

படி 7: பையும் உடம்பும்

ஸ்வெட்டர், குடை, அட்டைக்கு உப்பு, கொசுவுக்கு மருந்து, சதுர முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர். டெங்கு உண்டு, காய்ச்சலைச் சாதாரணமாக விடாதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 1990. நம் 108 போலவே இலவசம். இந்திய உதவியில் 2016இல் தொடங்கியது. பயணக் காப்பீடு எடுங்கள்.

படி 8: மலையகத்தில்

தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் கம்பெனி நிர்வாகத்தில் இருப்பவை. லயத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதியை அந்தச் சபையே வாங்கித் தரட்டும். பகலில் பெரியவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூடுகை எல்லாம் மாலை ஐந்தரைக்கு மேல்தான்.

அந்த நேரத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து சரிவில் நின்ற கால்கள். விரல் நுனியெல்லாம் கறை. ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து இஸ்தோப்பில் (திண்ணையில்) காயப்போட்டுவிட்டு, அடுப்பு மூட்டி, பிள்ளைக்கு ரொட்டி தட்டிவிட்டு ஓர் அம்மா நம் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறார். அப்போது நம் தம்பி ஒருவர் எழுந்து, எல்லாரும் எழுந்து நின்று கை தட்டிக் குதியுங்கள் என்கிறார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "தம்பி, நீங்க பாடுங்க, நாங்க உக்காந்தே கேக்குறோம். மொதல்ல இந்தச் சாயத்தண்ணிய குடிங்க" என்றார். அத்தோடு கூட்டம் அடங்கி ஒழுங்காயிற்று. தகரக் கூரையில் மழை விழுந்தால் பிரசங்கம் காதில் விழாது. பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். பல குழுக்களுக்கு அந்தப் பேச்சுதான் கடைசிவரை நினைவில் நிற்கிறது.

ஆக்‌ஷன் ஸாங்? பிள்ளைகள் யூடியூபில் பார்த்து நமக்கு முன்னாலேயே கற்றுவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் நம்மவர்கள் கை மாற்றிப் போட்டதை ஒரு சின்னப்பெண் திருத்தினாள்.

கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், குறிப்பாகக் குடியைப் பற்றி. நேற்று வந்த நமக்கு அந்த உரிமை இல்லை.

படி 9: வடக்கிலும் மற்ற இடங்களிலும்

வட்டுக்கோட்டை, 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிரீனின் மானிப்பாய் என்று யாழ்ப்பாணத்தில் பார்க்கப் பழைய மிஷன் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் 2009 மே வரை நடந்த யுத்தம் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. "யுத்தத்தில் என்ன ஆச்சு?" என்று பேட்டி எடுக்கக்கூடாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். நம்மூர் மேடை அரசியலை அங்கே பேசவே வேண்டாம். ராணுவ முகாம்களைப் படம் பிடிக்கக்கூடாது.

2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். அதனால் ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே காட்டுங்கள். பெரிய பைகளைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே குற்றமாகப் பார்க்கப்படும். வழிபாட்டு இடம் எதுவானாலும் செருப்பைக் கழற்றுங்கள். வேறு மதத்தைக் கிண்டல் செய்யும் நாடகம் உங்கள் பெட்டியில் இருந்தால் அதை ஊரிலேயே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

படி 10: திரும்பி வந்தபின்

முதல் ஞாயிறே சாட்சி சொல்ல மேடை ஏற வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். "அவர்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள், நாம் எவ்வளவு பாக்கியவான்கள்" என்று ஆரம்பிக்கும் சாட்சியைத் தலைவர் முன்கூட்டியே வாசித்துத் திருத்த வேண்டும். அந்தச் சபையின் போதகர் யூடியூபில் அதைக் கேட்பார் என்று நினைத்துப் பேசுங்கள். வரவு செலவை ஒரு ரூபாய் விடாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணிதம் சொல்லிக்கொடுத்த டீச்சர் வாரம் ஒரு மணி நேரம் வீடியோ காலில் வகுப்பைத் தொடர முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பயணத்தின் மற்ற எல்லாப் பலனையும் விட அது பெரிது.

அடுத்த ஆண்டு மறுபடி நாமே போகவேண்டும் என்பதில்லை. அவர்களுடைய வாலிபர்களை இங்கே அழையுங்கள். நம் அசன விருந்துக்கு வரட்டும், நம் ஆலயத்தில் அவர்கள் பிரசங்கிக்கட்டும், நம் பிள்ளைகளிடம் கண்ட குறையையும் சொல்லட்டும். அவர்களுக்கும் விசா விதிகள் உண்டு, ஆகவே அந்தக் கடிதத்தை இப்போதே தொடங்குங்கள். அடுத்த பிரியாணிப் பொட்டலம் விற்கும்போது அவர்களுடைய டிக்கெட்டுக்கும் சேர்த்து விலை போடுங்கள்.