திரையில் பெட்டியைக் காணோமா? பதறாதீர்கள்!



"மேடம், நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்குத் திறந்தா, வெட்டி ஒட்டுன வரிசையே காணோம்." "அக்கா, படம் கருப்பா இருக்கு, சத்தம் மட்டும் கேக்குது." "நாம அடிச்ச தமிழ் கட்டம் கட்டமா வருது." வீடியோக் குழுச் சகோதரிகளிடமிருந்து எங்களுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. குரலிலேயே பதற்றம் தெரியும். மறுநாள் கூட்டத்தில் படம் போட வேண்டியிருக்கும். ஆகவே எடிட்டிங் செய்யும்போது திரையில் வரும் கோளாறுகளை நாமே எப்படிச் சரி செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம். நமது கூட்டமைப்பு லேப்டாப்பில் இருப்பது ஷாட்கட் என்ற இலவச மென்பொருள். அதை வைத்தே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம்

நமது குழுவில் தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் பீரோவில் இருக்கின்றன. கூட்டத்தன்று அவற்றை எடுத்து மேஜையில் பரப்பி வைக்கிறோம். யாரோ மேஜையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் பேரேட்டில் உள்ள கணக்கு அழிந்துவிடுமா? அழியாது. எடிட்டிங் மென்பொருளும் அப்படித்தான். திரையில் நாம் பார்க்கும் பெட்டிகள் மேஜை மாதிரி. கேமராவிலோ போனிலோ எடுத்த படங்கள் அவற்றுக்குரிய ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. எந்தப் படத்தில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடி வரை எடுத்தோம், எதற்குப் பின் எதை வைத்தோம் என்ற குறிப்பு தனியாக ஒரு சின்ன ஃபைலில் இருக்கிறது. இதைத்தான் புராஜக்ட் ஃபைல் என்கிறோம். அதில் படம் இருக்காது, குறிப்பு மட்டும்தான்.

எனவே பெட்டி காணாமல் போனது வேறு, வேலை காணாமல் போனது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வட்டாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு குழு, விதைகளைச் சாம்பல் கலந்து மண்பானையில் பாதுகாக்கும் முறையை ஒரு பாட்டி வாயாலேயே சொல்லச் சொல்லிப் படம் எடுத்திருந்தது. எடிட் செய்யும்போது டைம்லைன் மறைந்துவிட்டது. லேப்டாப் கெட்டுவிட்டதாக நினைத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் ஃபார்மேட் போட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு படம்கூட இல்லை. மறுபடி எடுக்கலாம் என்றால் அதற்குள் பாட்டி இறந்துவிட்டார். மறைந்திருந்தது ஒரு பெட்டி மட்டும்தான். அதைக் கொண்டுவர ஒரு நிமிடம் போதும்.

பெட்டி மறைந்துவிட்டால்

ஷாட்கட்டில் மேலே வரிசையாகப் பட்டன்கள் இருக்கும். பிளேலிஸ்ட், ஃபில்டர்ஸ், டைம்லைன் என்று ஒவ்வொன்றிலும் பெயர் போட்டிருக்கும். டைம்லைன் பட்டனை ஒரு தடவை தட்டினால் பெட்டி வரும். கை தெரியாமல் பட்டிருக்கும், அவ்வளவுதான். பெட்டிகள் இடம் மாறிக் கலைந்து கிடந்தால், மேலே 'வியூ' மெனுவில் 'ரீஸ்டோர் டிஃபால்ட் லேஅவுட்' என்ற வரியைத் தேடுங்கள். சில பதிப்புகளில் இது 'லேஅவுட்' என்பதற்கு உள்ளே இருக்கும். அதை அழுத்தினால் எல்லாப் பெட்டியும் பழைய இடத்துக்கு வந்துவிடும். உங்கள் வேலையை அது தொடாது.

இந்த நேரத்தில் நம் சகோதரிகள் பலரும் செய்வது ஒன்று உண்டு. பெட்டி போனதும் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து டக் டக்கென்று பத்து தடவை அழுத்துவது. தயவுசெய்து வேண்டாம். அது பெட்டியைக் கொண்டுவராது. நீங்கள் கடைசியாகச் செய்த வெட்டு, ஒட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். பெட்டி மறைந்திருப்பதால் அது அவிழ்வதுகூட உங்களுக்குத் தெரியாது. அப்புறம்தான் உண்மையிலேயே வேலை போகும். அப்படி அழுத்திவிட்டால், வேறு எதையும் தொடாமல் 'எடிட்' மெனுவில் 'ரீடூ'வை அத்தனை தடவை அழுத்துங்கள்.

டைம்லைன் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி, இல்லையென்றால் ஒரு நூல் மாதிரி மெலிந்து தெரிகிறதா? மவுஸ் உருளை சுற்றிப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகியிருக்கும். டைம்லைனில் ஒரு தடவை தட்டிவிட்டு சைபர் எண்ணை அழுத்துங்கள். முழு வரிசையும் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படம் கருப்பாக, அல்லது வேறு படமாகத் தெரிந்தால்

டைம்லைனில் ஒவ்வொரு வரிசையின் இடது ஓரத்திலும் சின்னச் சின்னப் படக்குறிகள் இருக்கின்றன. கண் மாதிரி இருப்பதைத் தட்டினால் அந்த வரிசையின் படம் மறையும், சத்தம் மட்டும் வரும். ஸ்பீக்கர் மாதிரி இருப்பதைத் தட்டினால் சத்தம் நிற்கும். பூட்டைத் தட்டினால் அந்த வரிசையில் எதை இழுத்தாலும் அசையாது. "லேப்டாப் ஹேங் ஆயிடுச்சு" என்று எங்களிடம் சொல்லப்பட்டதில் சில, இந்தப் பூட்டுதான்.

இன்னொன்று புதிதாகக் கற்பவர்களை நிறையக் குழப்பும். படம் ஓடும் பெட்டிக்குக் கீழே 'சோர்ஸ்', 'புராஜக்ட்' என்று இரண்டு இருக்கும். 'சோர்ஸ்' என்றால் நீங்கள் எடுத்த ஒரு தனிப் படம். 'புராஜக்ட்' என்றால் நீங்கள் வெட்டி ஒட்டிய மொத்த வேலை. 'சோர்ஸ்' தட்டியிருக்கும்போது பிளே செய்தால், வெட்டிய பகுதியெல்லாம் மறுபடி வந்துவிட்ட மாதிரி இருக்கும். "நாள் பூரா செஞ்சது வீணாப் போச்சே" என்று அழுத சகோதரியையும் பார்த்திருக்கிறோம். 'புராஜக்ட்' என்பதைத் தட்டியதும் எல்லாம் இருந்தது.

படம் விட்டு விட்டு ஓடினால் அது பெரும்பாலும் லேப்டாப்பின் பலம் போதாததால். 'ப்ரிவியூ ஸ்கேலிங்' என்பதில் 360 வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கடைசியில் வெளியே எடுக்கும் படத்தின் தரம் குறையாது.

புரொஜெக்டர் போட்ட மறுநாள்

கூட்டத்தில் புரொஜெக்டர் இணைத்துப் படம் காட்டிவிட்டு, மறுநாள் மென்பொருளைத் திறந்தால் திரையிலேயே வராது. கீழே பட்டையில் மட்டும் அதன் குறி தெரியும். புரொஜெக்டர் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறது! விண்டோஸ் குறி உள்ள கீயையும் 'பி' கீயையும் சேர்த்து அழுத்தி, முதலில் உள்ள 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வராவிட்டால், கீழே உள்ள குறியைத் தட்டிவிட்டு, ஆல்ட் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து, பிறகு 'எம்', பிறகு அம்புக்குறி கீயை அழுத்திப் பிடியுங்கள். ஜன்னல் நகர்ந்து நகர்ந்து உள்ளே வரும்.

அடியில் உள்ள பட்டன்கள் திரைக்கு வெளியே போய்விட்டால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' 125 அல்லது 150 ஆக இருக்கிறதா பாருங்கள். கண் தெரிய வேண்டும் என்று யாராவது கூட்டியிருப்பார்கள். எடிட்டிங் நேரத்துக்கு மட்டும் 100 வைத்து, மென்பொருளை மூடித் திறங்கள்.

தமிழ் எழுத்து படுத்தும் பாடு

தலைப்பில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டமோ, சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளோ வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள், அல்லது தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். யூனிகோடில் அடியுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்துருவாக நிர்மலா யூஐ வைக்கலாம், அது விண்டோஸிலேயே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழ் அடித்து முடித்ததும் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும். தமிழிலேயே விட்டுவிட்டால், படத்தை வெட்டுவதற்கு 'எஸ்' அழுத்தினாலும் வெட்டாமல் போகலாம். கீபோர்டு ரிப்பேர் என்று புதிது வாங்கப் போய்விடாதீர்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே, எட்டாவது படிச்ச எங்களுக்கு வருமா?" என்று கேட்கிறீர்கள். குஜராத்தில் அகமதாபாத் சேவா அமைப்பு 1984-ல் 'வீடியோ சேவா' தொடங்கியபோது கேமரா பிடித்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். தெலங்கானாவில் பஸ்தாபூர் பகுதித் தலித் விவசாயப் பெண்கள் தாங்களே படம் எடுத்து, தாங்களே எடிட்டும் செய்திருக்கிறார்கள். நாம் மேலே சொன்ன பத்துப் பதினைந்து சொற்களைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், போதும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

இவ்வளவு செய்தும் சரியாகாவிட்டால் மென்பொருளை மூடித் திறங்கள், பிறகு லேப்டாப்பையே ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அதன் பிறகுதான் கடை. கொடுக்கும் முன் படங்கள் உள்ள ஃபோல்டர், புராஜக்ட் ஃபைல் இரண்டையும் பென்டிரைவில் காப்பி செய்து, பென்டிரைவை ஊக்குநரிடம் கொடுத்து, தேதியுடன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைக்காரரிடம் "ஃபார்மேட் போடக் கூடாது" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

எங்களுக்கு போன் செய்வதாக இருந்தால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள். கடைசியாக எதைத் தட்டினீர்கள் என்று சொல்லுங்கள். திரையை இன்னொரு போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. போட்டோ எடுக்கும்போது மேலே உள்ள மெனுவும் கீழே உள்ள பட்டையும் சேர்ந்து விழும்படி எடுங்கள். நடுவில் உள்ள கருப்பை மட்டும் எடுத்து அனுப்பினால் எங்களுக்கும் கருப்பாகத்தான் தெரியும்.